சிறந்த பதினான்கு

காகிதப்பட்டறையில் முனிரத்தினத்தின்
இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை.
ஞாயிறு பிற்பகல், பாதி இறக்கிய ஷட்டர்,
ஆறு பேர், ஐந்து நாற்காலி.
மேஜைமேல் 'சோடியம்' குழுவின் தொகுப்பு.
இருபத்தாறு வருஷம் கழித்துப் பளபளவென்று ஒரு சிடி.
அட்டையில் மூவரில் ஒருவர்கூட இல்லை,
காட்பாடிப் பாலத்தின் மஞ்சள் விளக்கு மட்டும்.

"சிறந்த பதினாலாம்.
யாருபா எண்ணிப் பாத்தது?"
டிஸ்டில்ட் வாட்டர் கேன்மேல் உட்கார்ந்திருந்த எனக்கும்
அதே கேள்விதான். கேட்கவில்லை.

"'தோல்மண்டி'ய நாலாவதா வெச்சிக்கீறான்.
அது மொதல்ல வர்ற பாட்டு.
அந்த ட்ரம் மெஷின்
பேரணாம்பட்டு பஸ்ஸு மாதிரி உறுமிக் கெளம்பும்.
கெளம்பின வண்டிய நடுவுல நிறுத்தினா
இன்னா அர்த்தம்?"

இம்தியாஸுக்கு அந்தப் பாட்டே ஆகாது.
அவன் அத்தா ராணிப்பேட்டையில்
இருபது வருஷம் சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்தில் நின்றவர்.
"கீபோர்ட்ல மழை பெய்ய வெச்சா
வாடை போயிடுமா?"
கொஞ்ச நேரம் டீ மட்டும் குடித்தோம்.

ரூத் செல்வமலர் நைட் டூட்டி முடித்துத்
தூங்காமல் வந்திருந்தாள்.
அவளுக்கு 'வார்டு ஒன்பது' போதும்.
அதன் பீப் சத்தத்தை
ஒருநாள் கைக்கடிகாரம் வைத்து எண்ணினாளாம்,
நிமிஷத்துக்கு நூற்றுப்பன்னிரண்டு.
"ஜுரத்துல கெடக்கறவனோட நாடி அது.
இல்லன்னா காதல்.
ரெண்டுக்கும் பாராசிட்டமால்தான் குடுப்போம்."

மாடி லாட்ஜில் தங்கியிருந்த வங்காளத்துப் பையன்
எமர்ஜென்சி விளக்கைச் சரிபார்க்க வந்தவன்
வாசலிலேயே நின்றுவிட்டான்.
இரண்டு பாட்டு முடியும்வரை தலையாட்டினான்.
பிறகு தனக்குத் தெரிந்த ஒரே தமிழில்
சிடியைக் காட்டி "எவ்ளோ?" என்றான்.
"விக்கறதில்ல" என்றார் முனிரத்தினம்,
அதுவரை அதைத் திட்டிக்கொண்டிருந்தவர்.

ஒன்பதாவது வந்தது. 'இரண்டாம் ஷிஃப்ட்'.

கேசட்டில் அந்தப் பாட்டு
இரண்டாம் சரணத்தில் செத்துப்போகும்.
கரண்ட் போய்
கீபோர்டுகள் இரண்டும்
கிணற்றில் நழுவிய குடம்போல இறங்கி அடங்க,
பேட்டரியில் ஓடிய ட்ரம் மெஷின் மட்டும்
டிக் டிக் என்று ஒன்பது வினாடி.
மைக் இல்லாமல் தூரத்தில் அவள் குரல்.
அதன்மேல், இருட்டில், யாரோ ஒருவன்:
"தீப்பெட்டி எங்க?"

எங்களுக்கு அது மனப்பாடம்.
சிரிப்பதற்குத் தயாராக இருந்தோம்.

சிடியில் கரண்ட் போகவில்லை.
எங்கோ ஒரு ஏசி அறையில் உட்கார்ந்து
ஒன்பது வினாடிக்கும்
கரண்ட் கொடுத்துவிட்டார்கள்.

முனிரத்தினம் எழுந்தே விட்டார்.
"கரண்டு போகாத வேலூரு
எந்த வேலூருபா?"
அவர் எதை விற்றுச் சாப்பிடுகிறார் என்று
யாரும் ஞாபகப்படுத்தவில்லை.
ரூத்கூட, "அந்த ஆளையும் வெட்டிட்டாங்களே,
தீப்பெட்டிக்காரன்,
பாட்டுலயே நல்ல வரி அதான்" என்றாள்.

அது நான்.
பதினெட்டு வயது, சத்துவாச்சாரியில் ஒரு கல்யாண மண்டபம்,
ஒயர் சுற்றப் போனவன்.
இத்தனை வருஷத்தில் இவர்களிடம் சொன்னதில்லை.
சொன்னால் நம்பியிருப்பார்கள்,
அதுதான் பயம்.

இன்று சொல்லிவிடலாம் என்றுதான்
வாயைத் திறந்தேன்.
ஆனால் காதில் வேறொன்று நின்றிருந்தது.
என்னை எடுத்துவிட்ட இடத்தில்
அவள் பாடியது
முதல் தடவையாகக் கேட்டது:
*சாவிய மீட்டர் பெட்டிக்குள்ள வெச்சிருக்கேன்.*
அவ்வளவுதான் வரி.
வெறும் முனகல் என்று
இருபத்தாறு வருஷம் நினைத்திருந்தோம்.
நான்தான் அதன்மேல் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இன்னொரு வாட்டி போடுங்க" என்றேன்.
"ஒனக்கும் பொறுக்கல, இல்ல?"
ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் பட்டனைத் தேடுவதற்குள்
'பச்சை சிக்னல்' ஏன் இல்லை என்று
இம்தியாஸ் ஆரம்பித்துவிட்டான்.