உலர் எடை

"தூக்கிப் பாருங்கம்மா" என்றார் தணிகாசலம்,
மாதவரம் நெடுஞ்சாலையோரம்
பச்சை நிழல்வலைக்குக் கீழே நின்று.
"கனத்தா ஈரம் இருக்கு.
காலி டப்பா மாதிரி எழும்பிச்சுன்னா
அப்பவும் ரெண்டு நாள் பொறுத்து ஊத்துங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்கு
டயாலிசிஸ் வார்டில் என்னையும்
இப்படித்தான் நிறுத்துப் பார்க்கிறார்கள்.
ஐம்பத்தொன்றே கால் கிலோ என் உலர் எடை.
அதற்கு மேல் முள் காட்டுவதெல்லாம்
குடித்தும் கழிக்க முடியாத தண்ணீர்.

நாளைக்கு முக்கால் லிட்டர்.
ரசமும் அதில் சேர்த்தி,
மாத்திரை விழுங்கும் மடக்கும் சேர்த்தி.
எவர்சில்வர் டம்ளரின் உட்புறம்
நகச்சாயத்தால் ஒரு சிவப்புக் கோடு.

ஆறு தொட்டிகள்.
பெரம்பூர், மூன்றாவது மாடி,
கிழக்குப் பார்த்த பால்கனி.
பத்து மணி வரை வெயில் போதும்.
கத்திரி வெயிலுக்கு
பழைய வாயில் புடவையைக் கம்பியில் கட்டினேன்.
மண் என்று பேர், மண் குறைவுதான்:
ஒரு பங்கு செம்மண்,
எதிர்வீடு இடித்தபோது பொறுக்கிய
செங்கல் நொறுங்கல் ஒன்றரைப் பங்கு,
இஸ்திரி வண்டிக்காரர் கொடுத்த
அடுப்புக்கரி ஒரு பிடி.
ஊற்றிய தண்ணீர் மூச்சு விடுவதற்குள்
அடியோட்டையில் சொட்ட வேண்டும்.

மாவுப்பூச்சி வந்தது.
ஸ்பிரிட் பஞ்சு நாலைக் காகிதத்தில் மடித்துத் தந்தாள்
நர்ஸ் பெனடிக்டா,
எதற்கென்று கேட்கவில்லை.
துடைத்த இலையிடுக்குகளில்
வார்டின் வாசனை.

பிரண்டையும் கற்றாழையும்
யார் தயவும் இல்லாமல் வளர்ந்தன.
ஜேட் இலைகள் தடித்தன.
எச்சவேரியாதான்,
மலைக்குளிரில் பிறந்த ரோஜா வடிவக்காரி,
ஆவணிப் புழுக்கத்தில்
கண்ணாடி போல் ஆகிக்கொண்டிருந்தாள்.
இலை சுருங்கினால் தாகம்.
மஞ்சளாகி, தொட்டால் நீர்க்கொப்புளமாகி,
தானே கழன்றால் வெள்ளம்.
என் கணுக்காலையும் இப்படித்தான்
கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள்,
குழி எவ்வளவு நேரம் நிற்கிறதென்று.

ஆனால் நான் ஊற்றிப்
பதினெட்டு நாள் ஆகிறதே.

அன்றிரவு மூன்றரை மணிக்கு
நாக்கு அண்ணத்தில் ஒட்டி எழுந்தேன்.
பக்கத்தில் அவரைக் காணோம்.
பால்கனியில்,
தெருவிளக்கு வெளிச்சத்தில் அமல்தாஸ்.
கையில் என் கோடு போட்ட டம்ளர்.
தொட்டி தொட்டியாகக் குனிந்து,
கழுத்து வரைக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார்.
"குடி" என்றார்,
எச்சவேரியாவிடம்,
மிக மெல்ல.
"நல்லா குடி."

பகலெல்லாம் எனக்குப் போதும் போதும் என்றவர்.
மோர் கேட்டால்
முகத்தைத் திருப்பிக்கொண்டவர்.

இடக்கை ஃபிஸ்டுலா வண்டு போல் இரைய
சத்தமில்லாமல் திரும்பி வந்து படுத்தேன்.
குழாயை மூடும் சத்தம்.
அவர் வந்து படுத்தபோது
விரல்கள் சில்லென்று இருந்தன.
தூங்குகிறவள் போலப் பிடித்துக்கொண்டேன்.

காலையில் தண்டைக் கத்தியால் வெட்டினேன்,
நடுவரை கறுப்பு.
அழுகாத ஓர் இலை மிஞ்சியது.
காயம் உலரட்டுமென்று
வெறும் செங்கல் தூள்மேல் கிடத்தினேன்.

ஞாயிறன்று கறிக்கு வாங்கியதில்
முளைவிட்ட சேப்பங்கிழங்கு ஒன்றை
கைப்பிடி உடைந்த நீல வாளியில் புதைத்து
அவர் முன்னால் வைத்தேன்.
"இதுக்கு எவ்வளவு வேணும்னாலும் ஊத்தலாம்."
வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"அப்படியா" என்றார்.

இப்போது தினமும் காலை ஒரு குடம்.
மெட்ரோ வாட்டர் லாரி வராத நாளில் அரிசி களைந்த நீர்.
இலைகள் யானைக்காது போல் விரிந்து
கம்பிக்கு வெளியே தலை நீட்டி,
கீழ்வீட்டில் சொட்டுகிறதென்று புகார் வேறு.
நான் கன்னத்தில் ஒரு ஐஸ் கட்டியை அடக்கிக்கொண்டு
நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.
அவர் உயரத்திலிருந்துதான் ஊற்றுகிறார்,
எனக்குக் கேட்கட்டுமென்றோ என்னவோ.

கிடத்திய இலையின் நுனியில்
இளஞ்சிவப்பாய் ஒரு வேர்,
பக்கத்தில் கடுகளவு ரோஜா.
அவரிடம் இன்னும் காட்டவில்லை.

ஐப்பசி பிறந்துவிட்டது.
மழைக்கு முன் தொட்டிகளை உள்ளே வைக்க வேண்டும்.
வலக்கையால் ஒவ்வொன்றாகத் தூக்கினேன்.
ஐந்தும் லேசாக இருந்தன.

நாளைக்கு வெள்ளிக்கிழமை.