முள்கரண்டி பிடித்த கை

ஒத்திகை முடிந்த இரவுகளில்
ஒரு முகம் வரைவேன். என் முகம்தான்.
கேலாங் லோரோங் ஒன்பதில்
ஹுய் மின்னோடு வாடகை பகிரும் ஸ்டூடியோ.
கீழே தவளைக் கஞ்சிக் கடை,
மேலே நான், கரித்துண்டு,
முஸ்தபாவில் வாங்கிய கைக்கண்ணாடி.

நாற்பது முகங்கள் சுவரில் இருக்கின்றன.
ஒன்றிலும் கை இல்லை.

ஹுய் மின்தான் கவனித்தாள்.
"உனக்குக் கை வரைய வராதா?"
வரும். மூக்கைவிடக் கை எளிது.
சொல்வதற்குள் கஞ்சி வாங்கக் கீழே இறங்கிவிட்டாள்.

நாடகம் ஒருத்தி மட்டும் நடிப்பது. அறுபது நிமிடம்.
மானியப் படிவத்தில் இப்படி எழுதியிருந்தேன்:
தன்னை மறைக்காமல் காட்டும் முயற்சி.
மறைக்காமல் என்பதற்கு அடியில் கோடு வேறு.
பணம் கொடுத்தார்கள்.

அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர்.
நான் நடித்த ஏதோ ஒன்றுக்கு ஒரேயொரு முறை வந்தார்.
வெளியே வந்து, "உன்னை எங்கே காணோம்?" என்றார்.
மேடையில் முழுநேரமும் நான்தான் இருந்தேன்.

நாற்பத்தேழாம் நிமிடத்தில் அவர் சாவார்.
ஒரு நாற்காலி, ஒரு வெள்ளைத் துணி,
ஃபைருஸ் இறக்கித் தரும் நீல விளக்கு.
"கடைசிவரை அவர் கையைப் பிடித்திருந்தேன்" என்பேன்.
சொல்லிவிட்டு மனத்துக்குள் மூன்று எண்ணுவேன்.
இரண்டிலேயே எங்கோ ஒருவர் மூக்கை உறிஞ்சுவார்.
முதல் நாள் அப்படி. இரண்டாம் நாளும்.
அத்தை மகன் புவனராஜ் மட்டும்
கைதட்டாமல் தன் காலணியைப் பார்த்திருந்தான்.
அன்று போன் போட்டு என்னைத் தேடியவன் அவன்.

நான் கீழே, மருத்துவமனை உணவங்காடியில்
மீ சியாம் தின்றுகொண்டிருந்தேன்.
பசி. வேறொன்றும் இல்லை.
புளிப்பு சரியாக இருந்தது, அது நினைவிருக்கிறது.
எலுமிச்சையைப் பிழிந்து
முட்டையைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தேன்.
போன் அதிர்ந்தது.
வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுத்தான் எடுத்தேன்.

மேலே போகும் மின்தூக்கியின் எஃகுக் கதவில்
என் முகம் அழத் தொடங்கியிருந்தது.
ஏதோ சரியில்லையே என்று
தாடையை ஒரு நூலளவு உயர்த்தினேன்.
இப்போது நன்றாக இருந்தது.
ஏழாம் மாடி வந்தது.

இதை எந்தக் காட்சியில் வைப்பது?
வைக்க இடமில்லாமல்
நாற்பது முகங்களின் கழுத்துக்குக் கீழே
வைத்திருந்தேன்.

மூன்றாம் இரவு. நாற்காலி. துணி. நீலம்.
"கடைசிவரை அவர் கையை"
என்று தொடங்கி நின்றுவிட்டேன்.
எத்தனை எண்ணினேன் என்று தெரியாது.
வசனம் மறந்துவிட்டதென்று ஃபைருஸ்
விளக்கைக் கொஞ்சம் கூட்டினான், பாவம், அவனால் முடிந்த உதவி.
அந்த வெளிச்சத்தில் முதல் வரிசை தெரிந்தது:
கைப்பையை மடியில் அணைத்த ஒரு மாது,
கொட்டாவியை மறைக்கும் ஒரு பையன்.
"மீ சியாம்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள்.
சிரிக்கட்டும். சொல்லி முடித்தேன்,
எலுமிச்சை, முட்டை, எஃகுக் கதவு,
தாடையின் அந்த நூலளவு.
எவரும் மூக்கை உறிஞ்சவில்லை.
பின்வரிசையில் இருவர் எழுந்து போனார்கள்,
கடைசி ரயிலுக்காக இருக்கலாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
அதைச் சொல்லும்போதே
குரல் எங்கே உடைந்தால் பொருந்தும் என்று
உள்ளே ஒருத்தி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவளையும் மேடைக்கு இழுத்துவரலாமா என்று யோசிப்பதற்குள்
அறுபது நிமிடம் தீர்ந்துவிட்டது.

ஸ்டூடியோவுக்கு வந்தேன்.
கீழே மண்சட்டிகள் கழுவும் ஓசை.
நாற்பத்தொன்றாவது தாள்.
முகத்தை இன்னும் தொடவில்லை.
ஒரு கை மட்டும், அதில் முள்கரண்டி.
பெருவிரல் கொஞ்சம் அழகாக வந்துவிட்டது.
ரொட்டித் துண்டை உருட்டி
அதை அழித்துக்கொண்டிருக்கிறேன்.