சிந்தனை மீட்சி

திங்கட்கிழமை காலை வெண்பலகையின் நடுவில்
மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுவேன்.
இடப்பக்கம் இரண்டாம் ஆண்டு, மூன்று பேர்.
வலப்பக்கம் மூன்றாம் ஆண்டு, ஐந்து பேர்.
கோடு நேராகத்தான் இருக்கும்.
கண்கள்தாம் சொன்னபடி கேட்பதில்லை.

வலப்பக்கத்தாரைப் பன்னிரண்டை நான்கால் வகுக்கச் சொன்னால்
இடப்பக்கத்திலிருந்து விடை வரும்.
"யஷ்விதா, உன் பாடத்தைப் பார்."
"பார்த்து முடிச்சிட்டேன் டீச்சர்.
இது சும்மா காதுல விழுந்துச்சு."

நிபோங் திபாலைத் தாண்டி,
செம்பனைக் குலை லாரி கடக்கும்போதெல்லாம்
சன்னல் அதிரும் இந்தப் பள்ளியில்
மொத்தமே இருபத்தொரு பிள்ளைகள்.
சபைகூடலில்
உயரப்படி நிற்பதா, ஆண்டுப்படி நிற்பதா என்ற தகராறு
தீர்வதற்குள் நாட்டுப்பண் தொடங்கிவிடும்.
புதன்கிழமைப் புறப்பாடத்தில் கால்பந்து, பக்கத்துக்கு நால்வர்.
யாருக்காவது வயிற்றுவலி என்றால் நான்.
பாஜு கூரோங் தடுக்கி
இதுவரை நான் விட்ட கோல்கள் ஒன்பது.
அதை எண்ண மட்டும் எல்லா ஆண்டுக்கும் தெரியும்.

இந்த வாரத் திட்டத்தில்
இடப்பக்கம் தாவர வளர்ச்சி,
வலப்பக்கம் தரவு கையாளுதல்.
ஒரே பயறு இரண்டுக்கும் போதுமே என்று
கோட்டை அழித்தேன்.

சிற்றுண்டிச்சாலை சுகுணா கொடுத்த எட்டுக் கிண்ணங்கள்,
பஞ்சு, தண்ணீர், ஆளுக்கொரு பாசிப்பயறு.
லோகதாசன் மட்டும் இரண்டு போட்டான்,
ஒன்றுக்குத் துணை வேண்டுமாம்.
தினமும் முளையை அளந்து
அதே நீளத்துக்கு வண்ணத்தாள் கீற்று வெட்டி
சுவரில் அவரவர் பெயருக்கு நேரே ஒட்ட வேண்டும்.

செவ்வாய்: அரை சென்டிமீட்டர், முக்கால், அரை.
துர்வேந்திரனுக்கு எதுவுமில்லை.
புதன்: இரண்டு, இரண்டரை, ஒன்று, மூன்றுகூட.
துர்வேந்திரனுக்கு எதுவுமில்லை.
வியாழன்,
தலைமையாசிரியர் அறைக்குப் போய்
கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள்
அவன் கிண்ணத்தில் நான்கு சென்டிமீட்டர்.

எட்டு முகங்களில் ஏழு
அளவுக்கு மீறி ஒழுக்கமாக இருந்தன.
லோகதாசன் கிண்ணத்தில்
துணையைக் காணோம்.

பச்சைத்தாளை நீட்டினேன், நானும் ஒழுக்கமாக.
துர்வேந்திரன் வாங்கவில்லை.
"இது என்னோடது இல்ல டீச்சர்.
என்னோடது அடியில இருக்கு."
பஞ்சை விலக்கிக் காட்டினான்:
ஊறாமல், உப்பாமல், போட்டபடியே.
"கல்லுப்பயறு. எங்கம்மா பொறுக்கி வீசிடுவாங்க.
இதுக்கு எவ்ளோ நீளம் வெட்டணும்?"

மூன்றாம் ஆண்டு கூடிவிட்டது.
சுழியத்துக்கு ஒட்டத் தேவையில்லை என்றான் பிரவர்த்தன்.
இடம் காலியாக இருந்தால்
பள்ளிக்கே வராத மாதிரி ஆகிவிடும் என்றாள் கிருத்திஷா,
அவன் வந்தானே, அளந்தானே, தினமும்.
கத்தரிக்கோலால் காற்றை வெட்டிப் பார்த்தான் ஒருவன்.
நன்னெறிப் பாடத்தின் முதல் பத்து நிமிடம்
சத்தமில்லாமல் கரைந்தது.
எனக்கும் தெரியவில்லை.
எந்த ஆண்டுப் புத்தகத்திலும்
சுழியத்தை எப்படி வெட்டுவது என்று இல்லை.

"தாள் வேணாம்," என்றாள் யஷ்விதா,
தன் கொப்பியிலிருந்து தலை நிமிராமலே.
"பசை மட்டும் தடவு."

தடவினான். செவ்வாய், புதன், வியாழன்.
மூன்று இடங்கள், வெயில் சாயும் நேரத்தில் மட்டும்
பளபளப்பாகத் தெரியும்.

வெள்ளி மதியம் பதிவேட்டைத் திறக்கிறேன்.
சிந்தனை மீட்சி என்ற கட்டத்தில்
எட்டுக்கு எத்தனை பேர்
கற்றல் நோக்கத்தை அடைந்தனர் என்று எழுத வேண்டும்.
ஏழு என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.
ஆண்டுக்கு ஒரு கட்டம், திறன் எண்ணுக்கு ஒரு கட்டம்,
வருகைக்கு ஒன்று.
பசைக்கு ஒன்றுமில்லை.

லாரி போகிறது, சன்னல் நடுங்குகிறது.
சுவரில் வியாழன் இருக்க வேண்டிய இடத்தில்
ஓர் எறும்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது.
அடிக்கோலோடு வந்து நிற்கிறான் துர்வேந்திரன்:
"டீச்சர், இதை அளக்கலாமா?"