பதினோராம் பக்கம்

பதினோராம் பக்கத்தை நான்தான் தட்டச்சு செய்தேன்.
செந்தூலில், நகலெடுக்கும் கடை மூடும் நேரத்தில்
மை மங்கிய இருபது பிரதிகள்.
‘ரகசியம் காப்பேன் என்று எந்தப் பிள்ளைக்கும்
வாக்குக் கொடுக்காதே.’
அடியில் ஒரு கோடு. அவ்வளவுதான்.
அடுத்த பக்கத்தில் கயிறு இழுக்கும் போட்டியின் விதிகள்.

லோஷினி அன்று முன்வரிசை.
படிவம் நான்கு. ஒரு பையில் விசில்,
இன்னொன்றில் தங்கைக்கு வாங்கிய இருமல் மிட்டாய்.
கேள்வி உண்டா என்றேன். கேட்டாள்:
“சின்னப் பசங்க என்னை டீச்சர்னு கூப்பிட்டா
திருத்தணுமா அக்கா?”
எல்லாரும் சிரித்தோம். அதோடு பயிற்சி முடிந்தது.
சான்றிதழில் அவள் பெயரை லோசினி ஆக்கியிருந்தது என் அவசரம்.
அவளே பேனாவால் சரிசெய்துகொண்டாள்.

சனிக்கிழமைகளில் அவள் பொறுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள்.
லிப்ட் பழுதானால்
பன்னிரண்டையும் எண்ணியபடி படியிறக்கி வருவாள்.
யார் காலணியில் நாடா இல்லை,
யார் தன் மைலோவைக் குடிக்காமல்
வீட்டுக்கென்று பாட்டிலில் ஊற்றிக்கொள்கிறான்,
இடி இடித்தால் யார் மேசைக்கடியில் போகிறாள்,
எல்லாம் அவளுக்குத் தெரியும்.
எனக்கு வருகைப் பதிவேடு தெரியும்.

ஒரு செவ்வாய், விடிகாலை ஒன்றேகால் மணி. குரல்பதிவு.
பத்தொன்பது விநாடியில் பாதிக்கு மேல் வெறும் மூச்சு.
பிறகு:
“அக்கா, ஒருத்தன் எங்கிட்ட ஒன்னு சொல்லிட்டான்.
யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

முதலில் எனக்கு வந்தது கோபம்.
அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.
‘பக்கம் பதினொன்று’ என்று தட்டி
அனுப்பாமல் அழித்தேன்.
பிறகு, “முழிச்சிருக்கேன்” என்று மட்டும் அனுப்பினேன்.

பத்து நாள் சுமந்திருக்கிறாள்.
இடையில் ஒரு சனிக்கிழமை.
அன்று அவள் விளையாட்டு நடத்தினாள்.
குரல் நல்லா எடுபடுது என்று
நான் பாராட்டினேன்.

மாலையில் மாமாக் கடை.
பக்கத்து மேசையில் அவள் அம்மா,
பார்க்காததுபோல் எங்களைப் பார்த்துக்கொண்டு.
லோஷினி ரொட்டியைப் பிய்த்தாள், பிய்த்தாள்,
ஒரு துண்டும் வாய்க்குப் போகவில்லை.
அவன் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். அது அவனுடையது.
“இனி இது என் வேலை” என்றேன்.
“அப்ப நான்?” என்றாள்.
அதற்குக் கையேட்டில் பக்கமே இல்லை.

சமூகநல இலாகாவுக்கு நான்தான் பேசினேன்.
வந்தார்கள், விசாரித்தார்கள்,
சரியாக வேண்டியதில் கொஞ்சம் சரியானது.

மூன்றாம் வாரம் அவன் வந்தான்.
பந்தை வாங்கும்போது அவளிடம்
“சத்தியம் பண்ணியே” என்றான், சத்தம் போடாமல்.
அவள் சாமான் அறைக்குள் போய்
வளையங்களை எண்ண ஆரம்பித்தாள்.
இருபத்திரண்டு. மறுபடியும் இருபத்திரண்டு.
நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே போகவில்லை.
யாரையும் உள்ளே விடவுமில்லை.
அன்றைய கயிறு இழுப்பை நானே நடத்தி
விதிகளைத் தப்புத்தப்பாகச் சொன்னேன்.

விசிலைத் திருப்பித் தருவாள் என்று இரண்டு மாதம் காத்திருந்தேன்.
தரவில்லை. ஏன் என்று கேட்கவுமில்லை.

இந்த வருடம் பயிற்சி மண்டபத்தில் இல்லை.
இரண்டாம் மாடிப் படிக்கட்டில், லோஷினியின் யோசனை.
புதியவர்கள் வரிசையாகப் படிகளில்,
மடியில் கையேடு, எல்லார் கையிலும் பேனா.
“அக்கா நீங்க தலைவர். நான் ஒன்பது வயசு” என்றாள்.
ஒரு படி கீழே இறங்கி நின்று
என் சட்டை நுனியைப் பிடித்தாள்.
அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பாள் என்று நினைக்கவில்லை.
“யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கதானே?
சத்தியமா?”

பதினோராம் பக்கத்தை எழுதியவள் நான்.
வாய் திறந்தேன்.
‘ஆமா’ பல்வரை வந்துவிட்டது.

“பார்த்தீங்களா” என்றாள்,
சட்டையை விடாமலே.