பச்சை

சுண்ணாம்புப் பாறைக்குத் தண்ணீரை வைத்துக்கொள்ளத் தெரியாது.
எங்கள் ஸ்கெல்பெக்கில் ஓடை
புல்வெளியில் போய்க்கொண்டிருக்கும்போதே
ஒரு குழிக்குள் இறங்கிக் காணாமல் போகும்,
கடன் கொடுத்தவனைக் கண்டு
சந்துக்குள் நுழைகிறவனைப் போல.

அறுபத்தொன்று, மார்ச் மாதம்.
லீட்ஸிலிருந்து வந்த இரண்டு பையன்கள்
கயிறு கட்டி இறங்கி
ஊசிக்குகையின் அடியில் வில்ஃப் டின்ஸ்டேலைப் பார்த்தார்கள்.
ஆட்டுச்சந்தையில் ஏலக்கணக்கு எழுதுகிறவர்.
ஒரு காலில் பூட்ஸ்.
மற்றதில் குதிகால் தைத்த கம்பளி உறை.
சட்டைப்பையில் பெப்பர்மிண்ட் மிட்டாய்கள்
ஒட்டி ஒரே கல்லாகியிருந்தன.

இருட்டில் தவறி விழுந்திருப்பார் என்றது ஊர்.
பாதிரியார் சொன்னார், கசாப்புக்கடைக்காரர் சொன்னார்,
நானும் சொன்னேன்.
நான்தான் அங்கே கான்ஸ்டபிள்.

ஸ்கிப்டனிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார்.
ஐவ்சன் என்று ஒரு பெண்மணி.
தேநீரில் பால் வேண்டாம் என்றார்;
ஊர் அதையே ஒரு வாரம் பேசியது.
குகைவாயில் உட்கார்ந்து நாடாவை முடிந்தபடி சொன்னார்:
"விழுந்திருந்தால் எலும்பு முறிந்திருக்கும்.
இவருக்குத் தோல் உராய்ந்திருக்கிறது, பின்மண்டையில் ஒரே ஒரு அடி.
தண்ணீர் சுமந்து வந்திருக்கிறது. எங்கிருந்து?"

மலைமேல் குழிகள் மூன்று.
கேப்ஸ்டிக்கின் நிலத்தில் ஒன்று,
தேவாலயத்து நிலத்தில் ஒன்று,
என் தங்கை ஆனிஸின் மேய்ச்சலில் ஒன்று.
"உங்கள் தங்கை நிலத்துத் தண்ணீர்
எங்கே வெளியே வரும், ஆல்டர்சன்?"
"யாருக்குத் தெரியும், மேடம்."

அவர் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார்.
செங்கல் நிறப் பொடி.
ஆனிஸின் குழியில் கொட்டினார்.
தண்ணீர் பட்டதும் அது
எந்த இலைக்கும் இல்லாத பச்சையானது.
"இரண்டு மணி நேரமும் ஆகலாம்,
இரண்டு வாரமும் ஆகலாம்.
ஐந்து ஊற்றுக்கும் ஆள் போடுங்கள்."
போட்டேன்.
ஆலை ஊற்றுக்கு என் பெயரை எழுதிக்கொண்டேன்.

முதல் இரவு வீட்டில் படுத்தேன்.
இரண்டாம் இரவும்.
மூன்றாம் நாள் விடியுமுன்
ஆலை ஊற்றின் பாசிக்கல் மேல் நின்றேன்,
வராதே, வராதே என்று தண்ணீரிடம் சொல்லிக்கொண்டு.

வந்தது.
முதலில் கண்மயக்கம் என்று நினைத்தேன்.
பிறகு முழு ஓடையும்.
பச்சைப்பொய் என்பார்களே,
அதன் நிறத்தை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மதிலுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள்.
"இரண்டு ராத்திரி நீங்கள் வரவில்லை" என்றார் ஐவ்சன்.
கோட்டெல்லாம் பனி.
"நான் வந்தேன். இன்றைக்கு என்று
உங்களுக்குத் தேதி சொன்னது யார்?"

யாருமில்லை, மேடம்.
ஒரு மரவாத்து.
எனக்கு ஒன்பது வயது, ஆனிஸுக்கு ஏழு.
சிவப்பு வர்ணம் அடித்து அந்தக் குழியில் விட்டோம்.
மூன்றாம் நாள் காலை இங்கே மிதந்து வந்தது,
அலகு மட்டும் இல்லாமல்.
அவள் அழவில்லை.
வழி கண்டுபிடித்துவிட்டோம் என்று குதித்தாள்.

இதை நான் வாய்விட்டுச் சொன்னேனா, தெரியாது.
அவர் குறிப்புப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

ஆனிஸ் ஆட்டுக்கொட்டிலில் இருந்தாள்.
எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டாள்.
"ஏழு வருஷம் என் கணக்கில் குறைத்து எழுதினான்.
அதற்குக்கூட இல்லை.
கேட்டபோது மிட்டாய் நீட்டினான்."
மண்வெட்டி அதன் ஆணியிலேயே தொங்கியது,
கழுவித் துடைத்து.

நான்கு நாள் ஊர் முழுக்கப் பச்சைத் தேநீர்.
செம்மறிகள் பச்சை மூக்கோடு
தேவாலய மதிலோரம் நின்றன.
யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.
எல்லாருடைய கெட்டிலும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் சீருடையைத் திருப்பிக் கொடுத்தேன்.
மற்ற பூட்ஸ் ஜூன் மாத மழையில் வெளியே வந்தது.
வாத்தின் அலகு இன்னும் மலைக்குள்தான் இருக்கிறது.