ஆறாவது இலக்கம்

ராத்திரி ரெண்டே கால்.
ரூபவதி அக்காவின் குரல் பாதி அறுந்து வந்தது:
மேல் கணக்குக் கிருபாவின் பிள்ளைக்கு
மூச்சு இழுக்கிறதாம்,
லொறியில் டிக்கோயாவுக்குக் கொண்டு போகிறார்கள்,
ஜெபி,
அடுத்த ஆளுக்குச் சொல்லு.

சபையின் ஜெபச் சங்கிலியில்
நான் ஐந்தாவது.
காம்பராவுக்குள் சிக்னல் நிற்காது.
கம்பளியைச் சுற்றிக்கொண்டு பீலிக்கரைக்கு வந்து
கொப்பியில் டோர்ச் அடித்தேன்.

ஆறாவது, ஜெசிந்தா.

கார்த்திகை மழையில் மேட்டு லயத்தில் மண் சரிந்து
மூன்று நாள் தோண்டினார்கள்.
பெயரை மட்டும் ஒருவரும் வெட்டவில்லை.
பாஸ்டருக்கு மறந்திருக்கும்.
எனக்கு மறக்கவில்லை,
பேனா போகவில்லை.

கல்யாணத்துக்கு முன் நான் கோயில்காரி.
அந்தோனியார் சுரூபத்தின் காலடியில்
மெழுகு உருகி விரலில் ஒட்டும்.
நீண்ட மாலையில் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால்
வேண்டிக்கொள்ளும், வேண்டிக்கொள்ளும் என்று
தூக்கத்திலும் வாய் அசையும்.
முழுக்கு எடுத்த கிழமை
பதக்கத்தை ஆற்றில் போடச் சொன்னார்கள்.
போட்டேன்.
பொய் சொல்லவில்லை, சரியென்றுதான் பட்டது.

அப்பா வீட்டுக்குள் இருக்கையில்
வாசலில் நின்று யாரைக் கெஞ்சுகிறாய்
என்று கேட்டார் பாஸ்டர்.
உறைத்தது.
நாங்கள் கங்காணி கண்ட சனம்.
துரையிடம் ஒரு நாள் லீவு கேட்க
கங்காணி, கணக்கப்பிள்ளை, பெரிய கிளார்க்கர்,
படிக்கு ஒரு கோழி.
அங்கேயும் இதே வரிசை என்றால்
அந்த மோட்சம் எனக்கு வேண்டாம்.

ஆனால் ஜெசிந்தா கங்காணி இல்லை.

அவள் நிரையும் என் நிரையும் பக்கம் பக்கம்.
காய்ச்சலோடு நான் மலைக்கு ஏறிய நாட்களில்
நிறுவைக்குச் சற்று முந்தி
தன் கூடையிலிருந்து ரெண்டு கை அள்ளி
என் கூடையில் போடுவாள்.
எனக்காகத் தராசுக்காரரிடம் பேசியதில்லை,
என்னிடமும் பேசியதில்லை.
அரைப்பேர் போக இருந்த நாளில்
முழுப்பேர் விழும்.

போன வருசம் அவளிடம் சொல்லியிருந்தால்
இதற்குப் பெயர் ஐக்கியம்.
இன்றைக்குச் சொன்னால் பாவம்.
நடுவில் இருப்பது பத்தடி மண்.
அவர் சாவை ஜெயித்தார் என்று
ஞாயிறுக்கு ஞாயிறு கைதட்டுகிறோம்,
திங்கட்கிழமை
அதற்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து விடுகிறோமோ.

செத்தவர்களுக்குக் கேட்காது என்பார்கள்.
இருக்கலாம்.
உயிரோடு இருப்பவர்களுக்கே
இந்த மலையில் பாதி நேரம் லைன் கிடைப்பதில்லை.

அழுத்திவிட்டேன்.

இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று
முதலில் சிங்களத்தில்,
பிறகு தமிழில், பிறகு இங்கிலீசில்,
ரொம்ப மரியாதையாகச் சொன்னாள் ஒரு பெண்.
அவள் முடிக்கும் வரை காதை எடுக்கவில்லை.
பிறகு போனுக்கோ பீலிக்கோ தெரியாமல் சொன்னேன்:
ஜெசி, கிருபாவின் பிள்ளை.
ரெண்டு கை போடு.

ஏழாவது, ஸ்டோர் வாச்சர் சீலன்.
ஏன் இவ்வளவு லேட் என்றார்,
ரூபவதிக்கு முதலே தெரியுமாமே.
ஆறாவதுக்குச் சொல்லிவிட்டு வந்தேன் என்றேன்.
அந்தப் பக்கம் மிசின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
பிறகு, சரி, என்றார்.
அவர் வைத்த பிறகும் போன் காதிலேயே இருந்தது.

டிக்கோயாவிலிருந்து தகவல் இல்லை.
ஆறு மணிக்குப் பிரட்டு.
லயத்துக்குத் திரும்பி
இஸ்தோப்பில் கால் வைத்த பிறகுதான் உறைத்தது,
நான் இன்னும் ஜெபிக்கவில்லை.

அப்பா, என்றேன்.
பல் கிட்டிய குளிரில்
அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.