மணிக்கணக்குப் புத்தகம்

மொண்டெவிடியோ. ஜூலைக் குளிர்.
கூரை போடாத கூடத்தில் முப்பத்தோரு குடும்பம்,
ஒற்றை மண்ணெண்ணெய் அடுப்பு.
கூட்டக் குறிப்பு எழுதுகிறவன் நான்.
விரல் விறைத்தால் எழுத்து சாயும்.
அந்தப் பக்கம் முழுவதும் சாய்ந்திருக்கிறது.

வீட்டுக்கு ஒருவர், வாரத்துக்கு இருபத்தொரு மணி நேரம்
கல் சுமக்க வேண்டும், கலவை குழைக்க வேண்டும்.
எந்த வீடு யாருக்கு என்பதைக்
கடைசியில்தான் சீட்டுக் குலுக்கிச் சொல்வோம்.
அதனால் எல்லாச் சுவருக்கும்
எல்லோருமே தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கிறோம்.

நிபியாவின் பாக்கி நூற்று நாற்பத்து மூன்று மணி.
மீன் ஆலையில் இரவு வேலை,
மகனுக்கு இளைப்பு.
நூறைத் தாண்டினால் முப்பது நாளில் வெளியே,
விதி அப்படி.
விதியை நாங்கள்தான் எழுதினோம்,
கையெழுத்து என்னுடையது.

எபெர் எழுந்தார். அச்சுக் கோப்பவர்.
இராணுவம் ஆண்டபோது ஒன்பது வருடம் உள்ளே இருந்தவர்;
பேசும்போது இன்னமும்
கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்.
"ஒரு பிள்ளையின் மூச்சை எண்ணிக்கைக்கு விடுவதா?
பதினாறு கை உயர்ந்தால்
அநியாயம் நியாயமாகிவிடுமா?
வீடு பொது என்றால் கஷ்டமும் பொதுதான்."

சுல்மா உட்கார்ந்தபடியே சொன்னாள்:
"சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், எபெர்.
அவள் சுமக்காத கல்லை என் முதுகு சுமந்தது.
என் முதுகைக் கேட்டீர்களா?
உங்களை அடைத்து வைத்தவர்களும்
நமக்கு எது நல்லது என்று தெரிந்தவர்கள்தான்.
நல்லது தெரிந்தவர்களைப் பார்த்தாகிவிட்டது.
இனி எண்ணத் தெரிந்தவர்கள் போதும்."

குழாய்க்காரர் மில்டன் கத்தினார்:
"சோறு போடாத ஓட்டு எதற்கு?"
"ஓட்டில்லாத சோறு சிறையில் மூன்று வேளையும் போட்டார்கள்,
எபெரைக் கேள்" என்றாள் சுல்மா.
எபெர் சிரித்துவிட்டார்.
"இரண்டு வேளை" என்று திருத்தினார்.
குறிப்பில் அதையும் எழுதினேன்.

மாத்தேக் குவளை கட்சி பார்க்காமல் சுற்றி வந்தது,
ஒரே உறிஞ்சுகுழல்.

ஆலை உடுப்போடு, மீன் வாடையோடு
கதவருகே நின்றிருந்த நிபியா
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"எனக்கும் கை உண்டா?"
விதியில் அதற்கு விடை இல்லை.
இருபது நிமிடம் விவாதித்து, உண்டு என்றோம்.

பதினைந்துக்குப் பதினைந்து.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
பேனாவை வைத்துவிட்டு
விதியின் பக்கம் கை தூக்கினேன்.
சொன்ன சொல் நிற்க வேண்டும் என்று
காரணம் எழுதினேன்.
குளிரும் காரணமாக இருக்கலாம்,
வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

நிபியா யாரையும் திட்டவில்லை.
வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போனாள்.

சனிக்கிழமை காலை ஏழுக்கே சுல்மா வந்தாள்.
இருட்டும்வரை மணல் சலித்தாள்.
புத்தகத்தை என் முன் தள்ளி,
"ஒன்பது மணி. நிபியா கணக்கில் எழுது" என்றாள்.

எபெர்தான் குறுக்கே வந்தார்.
"சபையைக் கேட்காமலா? வாக்கெடுப்பு இல்லாமலா?
நாளைக்கு ஆளாளுக்கு இப்படிக் கிளம்பினால்?"
"முதுகு என்னுடையது.
அதற்குச் சபை எதற்கு?"

புத்தகத்தில் இதற்கென்று பத்தி இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்,
கேள்வி வந்தால் அழித்துவிடலாம்.

செவ்வாய்க்கிழமை எபெர் அந்த ஓரத்தை
வெகு நேரம் பார்த்தார், ஈய எழுத்தை
மெய்ப்புப் பார்க்கிறவர் மாதிரி.
பிறகு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அன்று அவர் அடுக்கிய வரிசை கோணல்.
பிரித்துக் கட்டச் சொன்னாள் சுல்மா.
அதற்கு வாக்கெடுப்பு கேட்டார் எபெர்.